ஆவாரம்பட்டையும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, இருமலோடு குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, சால்வை வேண்டாம், துண்டு போதும் என்று நான் சொன்னதைக் கேட்ட பொருளாளர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அதன் பிறப்பு, சுற்றம், உச்சரிப்பு. சொல் 'டேன்'.

போன மாதம் பேத்தியோடு மருந்துக்கடைக்குப் போனேன். அவள் 'டேன்' போக்கும் கிரீம் கேட்டாள். வெயிலில் முகம் கறுப்பதற்கு இப்போது அதுதான் பெயராம். வேலூர் வெயிலில் கறுக்காத முகம் ஏது என்று நான் வாயெடுப்பதற்குள், மருந்துச் சீட்டோடு நின்ற பெரியவர் ஒருவர் திரும்பினார். விரல் நுனிகள் வெடித்திருந்தன; நகங்கள் தேக்கு நிறம். "டேன் போக்கவா பாப்பா? அதை ஏற்றத்தானே எனக்கு முப்பது வருஷம் கூலி கொடுத்தார்கள்!" என்றார். டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தவர். கடையே சிரித்தது. பேத்தி கிரீமைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் வேறு கடையில் வாங்கினாள், அது வேறு கதை.

பெரியவர் சொன்னதுதான் அகராதியிலும் இருக்கிறது. இடைக்கால லத்தீனில் 'டன்னும்' என்றால் இடித்த ஓக் மரப்பட்டை. அந்தப் பட்டைச் சாற்றில் தோலை ஊறவைப்பதே டேனிங். ஊறிய தோலின் பழுப்பு பிற்பாடு வெயில்பட்ட மேனிக்கும் பெயராயிற்று. தேநீரில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பான டானினும் இதே குடும்பம்தான். ஓக்குக்கு நாம் எங்கே போவது? நம்மிடம் ஆவாரை இருந்தது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ!' பழைய வட ஆற்காட்டுக் குழிகளில் தோல் வாரக்கணக்கில் ஊறியது ஆவாரம்பட்டைச் சாற்றில்.

பிறகு பட்டைக்குப் பதிலாகக் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பு வந்தது. கிரேக்கத்தில் 'க்ரோமா' என்றால் நிறம். தோல் நீலமாயிற்று, வேலை சீக்கிரம் முடிந்தது. ஆலைக் கழிவுநீர் கலந்த பாலாறு என்ன ஆயிற்று? மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் நம் வேலூர் வழக்கில்தான் தீர்ப்புச் சொன்னது. கரையில் இறங்கிப் பாருங்கள், சீமைக்கருவேல்தான் நிற்கிறது. ஆவாரை பூத்திருந்தால் அல்லவா சாவாரைக் காணாதிருக்க!

உச்சரிப்புக்கு வருவதற்குள் செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். போகட்டும். பாலாற்றங்கரையில் ஆவாரை நடக் கோரி மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பேனா ஒன்றுதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.