காக்கா ஏன் உங்கள் தலையிலேயே கொத்துகிறது?

(திரையில்: சென்னை, மே மாதம். தெருமுனை வேப்பமரத்தடியில் நடந்துபோகிறவர் சட்டென்று தலையைக் குனிகிறார்.)

காக்கா தலையில் தட்டிவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு சனி தோஷம். எள் தீபம் ஏற்றுவது அவரவர் நம்பிக்கை. அதற்கு முன் ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். கோடையில் என்றால், பக்கத்து மரத்திலோ மின்கம்பத்திலோ அநேகமாக ஒரு கூடு இருக்கும். இல்லையென்றால் பறக்கப் பழகும் குஞ்சு ஒன்று அருகில் எங்கேயாவது உட்கார்ந்திருக்கும்.

(திரையில்: கூடு, மிக அருகில்.)

சுள்ளிகளுக்கு நடுவே கட்டுக்கம்பி தெரிகிறதா? கட்டட வேலை நடக்கிற தெருக்களில் இந்தக் கம்பியைத்தான் காக்கை பொறுக்கி வருகிறது. கழுத்து சாம்பல் நிறமாக இருப்பதால் இது ஊர்க்காக்கை. உடம்பு முழுக்கக் கறுப்பாக, தடித்த அலகோடு வருவது அண்டங்காக்கை.

கொத்த வருகிற காக்கை பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் பாயும். திரும்பி அதையே பார்த்தபடி நகர்ந்தால் தயங்கும். குடை பிடித்துப் போனால் இன்னும் நல்லது.

சரி, அதே ஆளையே ஏன் குறிவைக்கிறது? முகம் ஞாபகம் இருப்பதால்தான். 2006-ல் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு 7 காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். அதன் பிறகு யார் அந்த முகமூடியோடு நடந்தாலும் காக்கைகள் கத்தித் தீர்த்தன. பிடிபடாத காக்கைகளும் கூடச் சேர்ந்துகொண்டன. வருடங்கள் போயும் அது நிற்கவில்லை. அது அமெரிக்கக் காக்கை, நம் ஊர்க்காக்கைக்கு நெருங்கிய உறவு. கூட்டைக் கலைத்தவரை நம் தெருக் காக்கை விடாமல் விரட்டுவதை இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

(திரையில்: புள்ளி போட்ட பெண் குயிலைத் துரத்தும் இரண்டு காக்கைகள்.)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இவ்வளவு உஷாரான காக்கையின் கூட்டில்தான் குயில் முட்டையிடுகிறது. குயில் முட்டை காக்கை முட்டைக்குச் சில நாட்கள் முன்பே பொரிந்துவிடும். ஆகவே உங்கள் தலையில் கொத்திய காக்கை, ஒரு குயில் குஞ்சைக்கூடக் காத்துக்கொண்டிருக்கலாம். மதில்மேல் நீங்கள் வைக்கிற சோற்றை எடுத்துப் போய் அது யாருக்கு ஊட்டுகிறது என்று கவனியுங்கள்.

(திரையில்: நடைபாதையில் குஞ்சு. வாய் திறக்கிறது, உள்ளே சிவப்பு.)

தரையில் காக்கைக் குஞ்சைப் பார்த்தால், இறகு முளைத்து, வாயின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தால், அது பறக்கப் பழகுகிறது. வளர்ந்த காக்கைக்கு உள்வாய் கறுத்திருக்கும். அம்மாவும் அப்பாவும் மேலேயே இருப்பார்கள். வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். வண்டி வருகிற இடம், நாய் நடமாட்டம் என்றால் மட்டும் ஒரு துண்டில் ஏந்தி, அதே மரத்தின் தாழ்ந்த கிளையில் விட்டுவிட்டு உடனே விலகுங்கள். அப்போது தலைக்கு மேலே குடை இருக்கட்டும்.