எலி வளையானாலும் தனி வளை

(தண்டையார்ப்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களுக்கு வணக்கம். இந்தப் படிப்பகத்துக்கு முதல் பெஞ்சு வாங்கிப் போட்டவர் அவர். நான் எட்டாவது படிக்கும்போது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் பேப்பர் படித்தேன். மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, மழைநீர்க் கால்வாய் வேலை நடக்கிற இடத்திலிருந்து நேராக வந்திருக்கிறீர்கள், செருப்பில் சேறு இன்னும் காயவில்லை. நன்றி அம்மா. பங்குத்தந்தை அவர்களே, பள்ளிவாசல் நிர்வாகி பாய் அவர்களே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் அண்டா வைத்து எங்களுக்குச் சோறு போட்டதை இந்தத் தெரு மறக்காது. மனநல மருத்துவர் அம்மாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், நிறையச் சொல்ல இருக்கிறது. மீன்பாடி வண்டித் தொழிலாளர் தோழர்களே, மாவுக் கடை அக்கா, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 31 வருஷம் மருந்து கொடுத்தவன். இன்றும் எல்லோரும் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றைக்கு மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஒன்று, வீடு. இரண்டு, குடி வைத்தியம். மூன்று, நடைபாதையில் இருக்கும் பெண்கள்.

என் பாட்டி ஒரு பழமொழி சொல்லும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும். பத்துக்குப் பத்து ஒட்டுக்குடித்தனத்தில் ஒன்பது பேரோடு இருந்தவள் சொன்னது. அதனால் அதில் ஏக்கமும் உண்டு, அனுபவமும் உண்டு.

வால்டாக்ஸ் சாலை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் ஏன் வந்தது? வெள்ளைக்காரன் காலத்தில் கறுப்பர் பட்டணத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி மதில் கட்டினார்கள். அந்தச் செலவுக்கு மக்களிடம் வரி கேட்டார்கள். மதிலின் துண்டு இன்றும் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவில் நிற்கிறது, பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள். சுவருக்கு வரி கேட்ட அந்தச் சாலையில்தான் ஒரு சுவர்கூட இல்லாத குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் படுத்திருக்கின்றன. பாட்டி படுத்த இடத்தில் பேத்தி படுத்திருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். எம்.ஜி.ஆர். பாட்டைத் தவிர வேறு பாட்டு வாயில் வராததால் தெருவே அவரை வாத்தியார் என்று கூப்பிடும். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. ராத்திரி இரண்டு மணிக்குப் போனால் காலை ஏழு மணிக்குக் கூலி கையில் வந்துவிடும். மனைவி இறந்த பிறகு வாடகை பாக்கி விழுந்தது, வீடு போனது, நடைபாதைக்கு வந்தார். குடி முதலில் வந்ததா, வீடு முதலில் போனதா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. விரல் மரத்துப்போகிற வேலை. ஒரு கட்டிங் போட்டால் உடம்பு சூடாகும் என்று ஆரம்பித்தது, கண் விழித்ததும் குவாட்டர் என்று ஆனது.

நாலு தடவை குடி நிறுத்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் தடவை கூட இருக்கப் போவது யார் என்று கேட்டார்கள். நானே அட்டெண்டர் என்று கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் இருந்தார். நடுக்கம் நின்றது, இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், சவரம் செய்துகொண்டார், ஆள் பத்து வயது குறைந்து நின்றார். வெளியே அனுப்பும் சீட்டில் முகவரி என்ற இடத்தில் நடைபாதை என்று எழுதினார்கள். ஏழு நாள் மாத்திரை ஒரு காகிதப் பையில். அன்றிரவே துணிப்பையோடு அதுவும் காணாமல் போயிற்று. எடுத்தவனுக்கு அது என்ன மாத்திரை என்றே தெரியாது, உள்ளே இருந்த லுங்கிக்காக எடுத்திருப்பான். அவர் படுக்கும் இடத்திலிருந்து மதுக்கடை நாற்பது தப்படி. நான் நடந்து எண்ணியிருக்கிறேன். ஒன்பதாவது நாள் மறுபடி குடித்தார். இரண்டாவது தடவையும் இதே கதை, மூன்றாவது தடவையும் இதே கதை. இரவுக் காப்பகத்தில் கேட்டோம். குடித்துவிட்டு வந்தால் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஒரே கூடத்தில் முப்பது பேர் படுக்கிற இடம்.

நாலாவது தடவை அவர் வெளியே வந்த அன்று நல்ல மழை. மாவுக் கடை அக்கா மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை ஒன்று சும்மா கிடந்தது. போய்க் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே வந்து, குடிகாரனுக்கா வீடு கொடுக்கப் போறீங்க என்றார். அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “ரோட்டுல விழறவன் எங்க மாடியில விழட்டும். நான் தண்ணியாவது கொடுப்பேன்.” கை தட்டுங்கள், அக்கா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அட்வான்ஸ் கேட்கவில்லை. முதல் மூன்று மாத வாடகையைப் படிப்பகத்தில் பத்துப் பேர் பங்கு போட்டோம்.

முதல் ராத்திரி வாத்தியார் உள்ளே படுக்கவில்லை. கதவுக்கு வெளியே மொட்டை மாடியில், சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு படுத்திருந்தார். உள்ளே மூச்சு முட்டுது என்றார். மூன்றாவது நாள் கதவைத் திறந்துபோட்டு வாசற்படியில் தலை வைத்துப் படுத்தார். ஒரு வாரம் கழித்துக் கதவைச் சாத்தினார். அப்புறம் மூலக்கொத்தளம் போய்ச் சொந்தமாக ஒரு பூட்டு வாங்கி வந்தார். வேலைக்குப் போகும்போது பூட்டி, இரண்டு படி இறங்கி, மேலே ஏறி இழுத்துப் பார்ப்பார். மறுபடி இறங்குவார், மறுபடி ஏறுவார். ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்தச் சத்தத்தில் எனக்கு விழிப்பு வந்துவிடும். சாவி அரைஞாண் கயிற்றில். இத்தனைக்கும் உள்ளே ஒரு பாய், ஒரு குடம், ஒரு எம்.ஜி.ஆர். காலண்டர்.

இந்தக் காலத்திலெல்லாம் அவர் குடித்துக்கொண்டுதான் இருந்தார், மறைக்க வேண்டியதில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் காலை என் வாசலில் வந்து நின்றார். “கம்பவுண்டர் சார், அந்த மாத்திரையை இப்போ கொடுங்க. வெக்க இடம் இருக்கு.”

31 வருஷத்தில் எந்த நோயாளியும் என்னிடம் சொல்லாத வார்த்தை அது.

அன்றே மருத்துவர் அம்மாவுக்குப் போன் செய்தேன். வாத்தியார் அறைக்குப் போகும் இரும்புப் படியில் வாராவாரம் சனிக்கிழமை அவர்தான் ஏறி வந்தார். ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். நாள்பட்டுக் குடிப்பவர் வீம்புக்காகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறிப் பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் பார்வையில் மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும், தயமின் என்கிற பி1 சத்தும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் நடைபாதையில் செய்ய முடியாது.

ஆடி மாதம் கூழ் ஊற்றிய அன்று வாத்தியார் வழுக்கினார், மறுபடி குடித்துவிட்டார். அக்கா துரத்தவில்லை. திங்கட்கிழமை அவரே வந்தார். முன்பெல்லாம் ஒருமுறை வழுக்கினால் நாலு மாதம் ஆளைக் கண்ணால் பார்க்க முடியாது. இப்போது பதினாலு மாதம் ஆகிறது, நடுவில் இரண்டு வழுக்கல். வாடகையை அவரே கொடுக்கிறார். எலி வளையானாலும் தனி வளை.

இது ஏதோ எங்கள் தெருவின் அதிசயம் என்று நினைக்காதீர்கள். நியூயார்க்கில் 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தொடங்கினார். முதலில் குடியை நிறுத்து, பிறகு வீடு என்பதைத் திருப்பிப் போட்டு, முதலில் வீட்டுச் சாவி, வைத்தியம் கூடவே வரும் என்றார். சியாட்டிலில் 2005-இல் மோசமான குடிநோயாளிகள் 75 பேருக்கு அறைகள் கொடுத்தார்கள், அறைக்குள் குடித்தாலும் வெளியேற்றவில்லை. 2009-இல் வந்த ஆய்வைப் பார்த்தால் அவர்கள் குடி கூடவில்லை, மாதம் போகப் போகக் குறைந்திருக்கிறது. பின்லாந்து 2008 முதல் இதையே நாட்டின் கொள்கையாக எடுத்துக்கொண்டு, வரிசையாகக் கட்டில் போட்ட பழைய காப்பகங்களை ஆளுக்கு ஒரு கதவு என்று வீடுகளாக மாற்றியது. கட்டடத்தை மாற்றினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ஆனால் நேர்மையாகப் பேச வேண்டும். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்துச் சோதித்தார்கள். வீடு கிடைத்தவர்கள் வீட்டில் நிலைத்தார்கள், அது பெரிய வெற்றி. ஆனால் போதைப் பழக்கத்தில், இந்தத் திட்டத்தில் வீடு கிடைக்காத மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதாது என்கிறேன். மருத்துவர் அம்மா ஏறிய அந்த இரும்புப் படியும் வேண்டும்.

நம் ஊரிலேயே முன்னோடி இருக்கிறது. 1993-இல் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு, மனநோயால் வருஷக்கணக்கில் விடுதியில் இருந்தவர்களை 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்துச் சின்னச் சின்னக் குழுவாகக் குடிவைத்து, உதவிக்கு ஆளும் வைக்கிறது. அதைக் குடிநோய்க்கு ஏன் செய்யக் கூடாது? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவும் போதையும் சார்ந்த மனநிலைப் பாதிப்பை மனநோய் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது, இடைநிலை இல்லங்களை அரசு அமைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை உறுப்பினர் அம்மா, உரிமையாகவே கேட்கலாம்.

எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு அது. வீடு உள்ளவர்களுக்கே இந்த நிலை.

இப்போது நம் தெருக்கோடிக்கு வருகிறேன். பிள்ளைகள் குறைந்து வேறு பள்ளியோடு சேர்த்த பிறகு அந்தப் பழைய பள்ளிக் கட்டடம் பூட்டியே கிடக்கிறது. ஆறு வகுப்பறை, கிணறு உண்டு, பின்னால் கழிப்பறை, கரண்ட் கம்பம் வாசலிலேயே. மேற்கூரை ஓடு மாற்ற வேண்டும். ஓர் அறையைத் தடுத்தால் இரண்டு, ஐந்து அறையில் பத்துப் பேர், ஆறாவது அறையில் மருத்துவர், மருந்து அலமாரி. பத்துக் கதவு, பத்துப் பூட்டு, சாவி அவரவர் கையில். ஒவ்வொரு கதவுக்கும் எண், அந்த எண் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் முகவரி. மத்திய அரசின் நகர்ப்புறக் காப்பகத் திட்டமே தலைக்கு 50 சதுர அடி என்றுதான் வைத்திருந்தது, இங்கே அதைவிடத் தாராளமாக வரும். அதை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று ஒரு பேச்சு காதில் விழுந்தது. உறுப்பினர் அம்மா, அந்தப் பேச்சு உண்மையாக இருந்தால் உங்கள் கையால் நிறுத்துங்கள். குடிகாரர்கள் வந்தால் தெரு கெடும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அவர்கள் ஏற்கெனவே நம் தெருவில்தான் இருக்கிறார்கள், கதவுக்கு வெளியே.

மூன்றாவதாகப் பெண்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பிள்ளைகள் நடனத்துக்கு வேஷம் கட்டிக் காத்திருக்கிறார்கள். ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்களின் கதையை இரண்டு நிமிஷத்தில் சொல்ல மனம் வரவில்லை. அதற்குத் தனிக் கூட்டம் போடுவோம், அவர்களே வந்து பேசட்டும்.

கையெழுத்து நோட்டு வாசலில் டீ அண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனா நூலில் கட்டியிருக்கிறது. இதுவரை 412 கையெழுத்து. திங்கட்கிழமை காலை 11 மணிக்கு மண்டல அலுவலகம் போகிறோம், மருத்துவர் அம்மாவும் வருகிறார். முதல் கையெழுத்து வாத்தியாருடையது. பெயருக்குக் கீழே முகவரியைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார், பார்த்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.