ஆளைப் பார்த்துப் பேசும் பழமொழி

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூர் ஃபெடரல் ஹைவே ஜாமில் நிற்பவர்கள், சமையலறையில் வானொலியைத் திறந்து வைத்திருப்பவர்கள், எல்லோரிடமும் ஒரு கேள்வி. "காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்றதும் நம்ம பெரியவர்கள்தான், "பதறாத காரியம் சிதறாது" என்றதும் அவர்கள்தான். எதைக் கேட்பது?

இரண்டையுமே கேட்கலாம் என்பேன். நல்ல வேலை கிடைத்தும் போகலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் இழுப்பவனுக்கு முதலாவது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டத்தில் ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த ஈபிஎஃப் பணத்தை எடுத்து நாளைக்கே போடத் துடிக்கிறவனுக்கு இரண்டாவது. மாற்றிச் சொன்னால் குடும்பம் கெட்டுவிடும். பழமொழி ஆளைப் பார்த்துப் பேசும், அவ்வளவுதான்.

எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இந்த விஷயத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஒருநாள் எங்கள் மாமா, மகனுடைய ரிப்போர்ட் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், இவன் மண்டையில் என்ன இருக்கு?" என்று கத்துகிறார். பையன் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஆமாய்யா, சட்டியில் போட வேண்டியது யாரு? நீ என்னைக்காவது அவன் பக்கத்துல உட்கார்ந்து ஒரு பாடம் சொல்லிக் குடுத்திருக்கியா?" என்றார். அதே பழமொழிதான். பையன் மேல் வீசியது அப்பாவிடம் திரும்பிவிட்டது. மாமா கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ராத்திரியில் அந்த வீட்டு மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தொல்காப்பியர் முதுமொழிக்கு, அதாவது பழமொழிக்கு, நுண்மை, சுருக்கம், ஒளி, மென்மை என்றெல்லாம் இலக்கணம் சொல்லிவிட்டு, அது "குறித்த பொருளை முடித்தற்கு" வருவது என்கிறார். அப்படியானால் பேச்சு ஒன்று முதலில் நடக்க வேண்டும், அதை முடித்து வைக்கத்தான் பழமொழி வருகிறது. பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைப் புத்தகமாகப் போட்டார். பெரிய வேலை, நன்றி சொல்ல வேண்டிய வேலை. ஆனாலும் அதை வரிசையாகப் படித்தால் பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும், ஏனென்றால் அங்கே மாமாவும் இல்லை, பாட்டியும் இல்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பழமொழியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும்போது, சமாதானம் ஆகும்போது, அவர்கள் காதில் விழும்படி பேசுங்கள்.

மலாய்ப் பழமொழிகளைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று. நமக்குக் கிணற்றுத் தவளை, பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கு, அதான் நம்ம மாக்சிக்கு, தேங்காய்ச் சிரட்டைக்குள் கிடக்கும் தவளை, "கத்தாக் டி பாவா தெம்புரோங்". வேறு என்ன சொல்வார்கள் என்று இன்று சாயங்காலம் அவரிடமே கேட்டுப் பாருங்கள். வணக்கம்.