அடியும் சென்டும் ஏன் போகவில்லை?

நண்பர்களே, மெட்ரிக் அளவுகளுக்கு நம் நாட்டில் சட்டம் வந்தது 1956-இல். அடுத்த ஆண்டே நயா பைசாவும் வந்தது. வீசை, பலம் என்ற பழைய எடைகள் கடைத்தெருவை விட்டு ஒழிந்தன. ஆனால் உங்கள் உயரத்தைக் கேட்டால் இன்றும் ஐந்தரை அடி என்றுதான் சொல்வீர்கள். காய்ச்சல் என்றால் ஃபாரன்ஹீட் கணக்கில் நூற்றியொன்று, நூற்றிரண்டு. பழக்கதோஷம் என்று இதைச் சிரித்துத் தள்ளுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அரிசி வாங்கினோம், பொங்கினோம், தீர்ந்தது. அடுத்த மாதம் கிலோவில் வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? நிலம் அப்படித் தீர்ந்துபோகிற சரக்கா? தாத்தாவின் பத்திரத்தில் ஒரு ஏக்கர் பத்து சென்ட் என்று இருந்தால், பேரன்கள் பாகம் பிரிக்கும்போதும் அந்தக் கணக்கில்தான் பேசியாக வேண்டும். பழையதோடு புதியது ஒட்ட வேண்டிய இடத்திலெல்லாம் பழைய அளவு நிற்கிறது.

கட்டடம் நடக்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். எட்டு எம்எம் கம்பியை ஆறு இஞ்ச் இடைவெளியில் கட்டச் சொல்வார் மேஸ்திரி. முக்கால் இஞ்ச் பைப்புக்குள் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயரை இழுப்பார் எலக்ட்ரீஷியன். பிளைவுட் எட்டுக்கு நாலு அடி, கனம் மட்டும் பதினெட்டு எம்எம். யாருக்கும் குழப்பமில்லை. கார் டயரைப் பாருங்களேன், அகலம் மில்லிமீட்டரில், ரிம் அளவு இஞ்சில், இரண்டும் ஒரே வரியில்! பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் கட்டில் எங்கே, பீரோ எங்கே என்று மனசுக்குள் போட்டுவிடலாம். அதையே 3.05-க்கு 3.66 மீட்டர் என்று சொல்லிப் பாருங்கள்! பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நாலாகப் பிரித்தாலும் மிச்சம் விழாது. தச்சருக்கு அது பெரிய சௌகரியம்.

அதற்காக எல்லாவற்றிலும் பழசு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குழந்தையின் மருந்தளவை அதன் எடையின் கிலோ கணக்கில்தான் பார்க்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. எனக்குள்ள வருத்தம் பட்டாவில்தான். பட்டா ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) என்கிறது. கிரயப் பத்திரமோ சென்ட் என்கிறது. பட்டாவில் 0 - 40.50, அதாவது பூஜ்யம் ஹெக்டேர் 40.50 ஏர், என்று இருப்பது ஏறக்குறைய முழு ஒரு ஏக்கர். தெரியாதவர் நாற்பது சென்ட் என்று படித்துவிட்டால் பாதிக்கு மேல் போச்சு. இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிப்பதில் அரசாங்கத்துக்கு என்ன சிரமம்? அது நடக்கும்வரை, கையெழுத்துப் போடும் முன் ஏரை 2.47-ஆல் பெருக்கிப் பாருங்கள், சென்ட் வந்துவிடும்.