மலையில் ஒரு நாய்க்குட்டி

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாய்க்குட்டி வளர்ப்பதைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது, கிடைத்த நேரத்தில் நம்ம நீலகிரி மலைக்கு எது முக்கியமோ அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குட்டி ராத்திரி எங்கே படுக்கும்? அதை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். காவலுக்குத்தானே வாங்குகிறோம், வாசலில் கட்டிப்போட்டால் போதும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கே பார்த்தாலும் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடுகள், அதே தோட்டத்துக்குள் சிறுத்தையும் நடமாடுகிறது, வளர்ந்த நாயையே தூக்கிக்கொண்டு போகிறது, சங்கிலியில் கிடக்கிற குட்டி என்ன செய்யும், பாவம், ஓடக்கூட வழியில்லை.

அப்புறம் குளிர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற ராத்திரிகளை அந்தச் சின்ன உடம்பு தாங்காது. சமையலறை மூலையில் ஒரு அட்டைப்பெட்டி, அடியில் மடித்த சாக்கு, மேலே பழைய கம்பளி, இவ்வளவு போதும். மழைக்காலத்தில் நனைந்த துணி நாள்கணக்கில் காயாது என்பது உங்களுக்கே தெரியும், அதனால் மாற்றுத் துணி கூடவே வைத்துக்கொள்ளுங்கள். குட்டி நடுங்குகிறதே என்று கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு குட்டியோடு சேர்த்து வீட்டில் இருப்பவர்களையும் தூக்கத்திலேயே கொன்றுவிடும். முதல் சில ராத்திரி தாயைத் தேடி அழத்தான் செய்யும். பெட்டியை உங்கள் கட்டில் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள், அடங்கிவிடும்.

8 வாரம் ஆகாத குட்டியை வாங்கவே வாங்காதீர்கள். பழைய இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே முதல் வாரம் கொடுங்கள், ஒரு நாளைக்கு 4 வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. மாட்டுப்பால் நிறைய ஊற்றினால் கழிச்சல் வரும். நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற சாக்லேட் நாய்க்கு விஷம், திராட்சையும் வெங்காயமும் ஆகாது.

தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் ஆரம்பித்து, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தடவை என்று 16 வாரம் வரை போட வேண்டும், குடற்புழு மருந்தும் கூடவே. ஒரு ஊசி போட்டாச்சு, போதும் என்று விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பார்வோ என்கிற வைரஸ் நோய் பிடித்துக்கொள்கிறது. ரத்தக் கழிச்சல், வாந்தி என்று ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும், அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசிகள் முடிகிற வரை தெரு நாய்கள் திரிகிற இடத்தில் இறக்கிவிடாதீர்கள். டிஸ்டெம்பர் என்று இன்னொரு நோய், நம் நாயிடமிருந்து காட்டில் இருக்கிற செந்நாய்க்கும் தொற்றக்கூடியது. முதுமலையை ஒட்டி இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

3 மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருடா வருடம். வெறிநாய் கடித்தவர்களுக்கு மருத்துவம் பார்க்கவே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கினார்கள், அவ்வளவு கொடிய நோய் இது. விளையாட்டாகக் குட்டி பல் பதித்தாலும் சரி, நகத்தால் கீறினாலும் சரி, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், மஞ்சளோ சுண்ணாம்போ எதுவும் வைத்துக் கட்டாதீர்கள்.