சார்ட்ல தமிழ் பாரை மட்டும் ஏன் குண்டாக்கினேன்?

வணக்கம் மக்களே! பின்னாடி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, சிங்கப்பூர் ஈசூன்ல மழை கொட்டுது. கீழ காப்பிக்கடையில ஒரு தே ஓ, அதான் பால் இல்லாத டீ, டாபாவ் பண்ணிட்டு (பார்சல் கட்டிட்டு) வந்து உட்கார்ந்தாச்சு.

ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு ஒரு போஸ்டர் கேட்டாங்க. சிங்கப்பூரோட 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, அஞ்சு வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க வீட்டுல அதிகமாப் பேசுற மொழி என்னன்னு ஒரு கணக்கு இருக்கு. ஆங்கிலம் 48.3 சதவீதம், மாண்டரின் 29.9, மலாய் 9.2, சீனக் கிளைமொழிகள் 8.7, தமிழ் 2.5. பைத்தான் நிரல்மொழியில, படம் வரையுற மேட்ப்ளாட்லிப் வச்சு சார்ட் போட்டா எல்லா பாரும், அதான் பட்டையும், ஒரே நீலம். நம்ம தமிழ் தரையோட ஒட்டிக் கிடக்கு.

எனக்கு மனசு கேக்கல. பாரோட அகலத்துக்கு, அதான் வித் (width), ஒரே எண் குடுக்காம லிஸ்ட்டாவும் குடுக்கலாம். மத்ததுக்கு வழக்கமான 0.8, தமிழுக்கு 1.6ன்னு போட்டேன். பார்களோட நடுப்புள்ளிக்கு இடையில தூரம் 1 தானே? நம்மாளு பக்கத்து பார் மேல ஏறி உட்கார்ந்துட்டாரு. அக்கா பையன் பார்த்துட்டு, "மாமா, தமிழ் மட்டும் ஏன் குண்டா இருக்கு?"ன்னான். கண்ணு உயரத்தை மட்டுமா பார்க்குது, பரப்பையும் சேர்த்துத்தான் பார்க்குது. 2.5 அப்போ 5 மாதிரி தெரியும். பொய்தானே அது?

அதனால அகலத்தைத் தொடாதீங்க, கலரை மாத்துங்க. கலருக்கும் லிஸ்ட்தான்: நாலு லைட்கிரே, கடைசியில ஒரு டொமேட்டோ. ஆமா, தக்காளிப் பேர்லயே கலர் இருக்கு! சாம்பலுக்கு நடுவுல அந்தச் சின்னத் துண்டு பளிச்சுன்னு நிக்குது. வரைஞ்ச பிறகு மாத்தணும்னா, பார் ஃபங்ஷன் திருப்பித் தர்றதை ஒரு பேர்ல வச்சுக்கிட்டு, நாலாம் இன்டெக்ஸுக்கு, அதாவது வரிசை எண்ணுக்கு, கலரை மாத்துற செட் ஃபேஸ்கலர் (set_facecolor). பைத்தான் சுழியத்துல இருந்து எண்ணும், அஞ்சுன்னு போட்டா எரர்தான்.

படுக்கை வாக்குல போட பார்எச் (barh) ஃபங்ஷனை எடுத்தீங்கன்னா கவனம். அங்க வித்னா பாரோட நீளம், தடிமனுக்குப் பேரு ஹைட். பழைய வரியை அப்படியே காப்பி பண்ணி, width-ஐ ரெண்டு தடவை குடுத்துட்டதா பைத்தான்கிட்ட திட்டு வாங்கி, அரைமணி நேரம் முழிச்சேன்.

2010 கணக்கையும் பக்கத்துல வைக்கணுமா? ரெண்டுக்கும் வித் 0.4. ஒண்ணை 0.2 இடப்பக்கம், இன்னொண்ணை 0.2 வலப்பக்கம் நகர்த்துங்க. அப்போ தமிழ் 3.3 இருந்துச்சு. இந்த ரெண்டு தக்காளித் துண்டையும்தான் போஸ்டர்ல வைக்கப்போறேன். சரி, தே ஓ ஆறிப்போச்சு.