அலெக்சாண்டர் நாணயத்தை முன்கையில டாட்டூவா போடலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "அலெக்சாண்டர் வெள்ளி நாணயத்துல இருக்கற முகத்தை முன்கையில டாட்டூ போட்டுக்கணும். நாணயத்தோட அதே அளவு, சுத்தி எழுத்து, புள்ளி வளையம், வெள்ளி மாதிரி மின்னணும். முடியுமா?"னு கேட்டிருக்காங்க.

முகம் நல்லா வரும். அதே அளவுல வராது. எழுத்து விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு, அதை முதல்ல முடிச்சுடுவோம்.

நீங்க சொல்றது டெட்ராட்ராம், 17 கிராம் சொச்சம் எடையுள்ள வெள்ளிக் காசு. தலையில சிங்கத்தோலைப் போட்டுக்கிட்டு வலது பக்கம் பார்க்கற முகம்னா, அது கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீஸ். அலெக்சாண்டர் முகச்சாயல்ல செதுக்கினதுன்னு சொல்றவங்க உண்டு, அது தனி வாதம். அந்தப் பக்கம் அலெக்சாண்டர் பேரு கிடையாது. பேரு பின்பக்கம் இருக்கு, கையில கழுகோட உட்கார்ந்திருக்கற சியூஸ் கடவுளுக்குப் பக்கத்துல, மேலிருந்து கீழா 10 கிரேக்க எழுத்து. இதை எடுத்து முகத்தைச் சுத்தி வளைச்சுப் போட்டா, எந்தக் காலத்துலயும் அடிக்காத ஒரு நாணயம் உங்க கையில இருக்கும். நாணயம் தெரிஞ்சவங்க பார்த்த உடனே சிரிப்பாங்க.

அலெக்சாண்டர் முகமேதான் வேணும்னா, லைசிமாகஸ் வெளியிட்ட டெட்ராட்ராமைப் பாருங்க. லைசிமாகஸ் அலெக்சாண்டரோட மெய்க்காவலர்கள்ல ஒருத்தர், அலெக்சாண்டர் இறந்த பிறகு கிரேக்கத்துக்கு வடகிழக்குல இருந்த திரேஸை ஆண்டவர். அந்தக் காசுல அலெக்சாண்டருக்கு காதுகிட்ட ஆட்டுக்கடா கொம்பு சுருண்டு நிக்கும், அது அமோன் தெய்வத்தோட அடையாளம். டாட்டூவுக்கும் இதுதான் தோது. சிங்கத்தோல்ல பிடரி பூரா குட்டி குட்டிக் கொத்து, நாள்பட அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிடும். இதுல கொம்பு, நெத்தி, மூக்கு எல்லாமே பெரிய வடிவம். இதுலயும் எழுத்து பின்பக்கம்தான், அதுவும் லைசிமாகஸ் பேரு. அதனால எழுத்தை விட்டுடுங்க. முகத்தைச் சுத்தி எழுத்து கண்டிப்பா வேணும்னா ரோமானியப் பேரரசர்கள் நாணயத்துக்குப் போயிடலாம்.

இப்ப அளவு. அசல் காசு 25லேர்ந்து 30 மில்லிமீட்டர். அதுல கண்ணு மட்டும் மூணு மில்லிமீட்டர்தான் வரும். மை தங்கறது மேல்தோலுக்குக் கீழ, டெர்மிஸ்ல, ஒண்ணுலேர்ந்து ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துல. அங்க அது அப்படியே உறைஞ்சு நிக்காது, வருஷம் போகப் போக கோடு தடிக்கும். மூணு மில்லிமீட்டர்ல இமை, விழி, புருவ நிழல்னு மூணு கோடு போட்டா, கடைசியில ஒரு கரும்புள்ளிதான் மிஞ்சும். முகத்துக்கு குறைஞ்சது 7 சென்டிமீட்டர், என்னைக் கேட்டா 8. ரோமானிய நாணயத்தை எழுத்தோட போடறவங்க 10க்குக் கீழ இறங்காதீங்க, ஒரு எழுத்து 6 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கணும்.

புள்ளி வளையத்தையும் எண்ணிப் போடணும். 8 சென்டிமீட்டர் வட்டத்தோட சுற்றளவு சுமாரா 25 சென்டிமீட்டர். 80 புள்ளி வெச்சா ஒண்ணுக்கு மூணு மில்லிமீட்டர் இடம், பாதி புள்ளி, பாதி இடைவெளி. அதுக்கு மேல நெருக்கினா பத்து வருஷத்துல புள்ளி போயி வளையம் மட்டும் இருக்கும். சில இடத்துல புள்ளி பாதியோட நிக்கட்டும். அசல்லயே அச்சு நடுவுல விழாம ஒரு பக்கம் வளையம் வெளிய போயிருக்கும்.

ஓரக்கோட்டுக்கும் இதே கதைதான். காம்பஸ் வெச்ச மாதிரி வட்டம் போடாதீங்க. முன்கை உருளை, உள்ளங்கையைத் திருப்பினா தோலும் கூட முறுக்கும், சுத்தமான வட்டம் முட்டையாத் தெரியும். பழைய காசு எதுவும் சரியான வட்டம் இல்லை, சுத்தியல்ல அடிச்சப்ப ஓரம் பிதுங்கினது, வெடிச்சது எல்லாம் இருக்கும். அந்தக் கோணல் ஓரத்தையே வரைஞ்சா, கை திரும்பறப்ப வர்ற நெளிவு கண்ணுக்குத் தெரியாது. முழங்கைக்குக் கீழ வெளிப்பக்கம் அகலமான இடம், அங்க வைங்க. மணிக்கட்டுகிட்ட 8 சென்டிமீட்டர் ரெண்டு பக்கமும் மடிஞ்சு போயிடும். முன்னாடியே காகிதத்துல வெட்டி ஒட்டிக் கண்ணாடியில பாருங்க. ஸ்டென்சில் ஒட்டறப்ப கையைத் தளர்வா தொங்க விட்டு நிக்கணும், மேஜையில திருப்பி வெச்சுக்கிட்டு ஒட்டினா எழுந்ததும் முகம் சாய்ஞ்சிருக்கும்.

மின்னறது பத்தி. வெள்ளி மையைத் தேடாதீங்க, டாட்டூ மை உலோகம் மாதிரி மின்னாது. வெள்ளை மை நாளாக ஆக மஞ்சளாகும், மாநிறத் தோல்ல நிறமிக்கு அடியில இருக்கறதால சரியாத் தெரியவும் தெரியாது. நாணயத்துல பளபளப்பு தெரியறதுக்குக் காரணம் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இருக்கற வித்தியாசம். அதனால கன்னம், மூக்குத்தண்டு, கொம்பு முதுகு இதெல்லாம் வெறும் தோல். கழுத்துக்குக் கீழ, கொம்புச் சுருளோட உள்பக்கம், முகத்தை ஒட்டின பள்ளம் இதெல்லாம் நல்ல கறுப்பு. நடுவுல கிரே வாஷ்ல, அதாவது நீர்த்த கறுப்பு மையில, மூணு தரம் போதும். முகத்தைச் சுத்தி கறுப்பு அவுட்லைன் இழுத்தா கார்ட்டூன் ஆயிடும், உலோகத்துல ஏது கோடு? விளிம்பை நிழல்தான் காட்டணும். கோடு வர்ற இடத்துக்கு 3 அல்லது 5 ஊசி லைனர், நிழலுக்கு வளைவு மேக்னம், அதாவது பல ஊசி வரிசையா இருக்கற அகலமான ஊசி. ஆழமாப் போனா மை தோலுக்குள்ள நீலமாக் கசியும். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப ஓட்டினா தோல் புண்ணாகி, ஆறினதும் திட்டுத் திட்டா இருக்கும்.

இதுக்கெல்லாம் ஆதாரம் நீங்க கொடுக்கற படம். நேரா ஃப்ளாஷ் அடிச்ச படத்துல நிழலே இருக்காது. இடது மேல் பக்கத்துலேர்ந்து சாய்வா வெளிச்சம் விழுந்த படம் வேணும். கீழேர்ந்து வெளிச்சம் வந்தா மேடு பள்ளமாத் தெரியும். பிரிட்டிஷ் மியூசியம், அமெரிக்கன் நியூமிஸ்மாட்டிக் சொசைட்டிங்கற நாணயவியல் சங்கம் ரெண்டோட தொகுப்பும் இணையத்துல இருக்கு, ஒரே வகைக் காசுல நாலஞ்சு படம் எடுத்துட்டுப் போங்க. அச்சுக்கு அச்சு முகம் மாறும், நல்ல செதுக்கலைத் தேர்ந்தெடுக்கலாம். நினைவுப்பொருளா விக்கற வார்ப்பு நகலைப் படம் எடுக்காதீங்க, அதுல கண்ணும் முடியும் மழுங்கியிருக்கும். படம் கண்ணாடி பிம்பமாத் திரும்பலைன்னு பார்த்துக்குங்க, முகம் வலது பக்கம் பார்க்கணும்.

தழும்பு தடிச்சு வளர்ற உடம்புன்னா முதல்ல தோல் மருத்துவரைப் பாருங்க. மத்தவங்களுக்கு மேல்தோல் ஆற ரெண்டு மூணு வாரம், அதுவரைக்கும் நீச்சல், நேர் வெயில் வேண்டாம். பக்கு உதிர்ந்ததும் சாம்பல் நிறம் மங்கலாத் தெரியும், பதற வேண்டாம். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்துட்டு, தேவைன்னா பள்ளத்துல மட்டும் கறுப்பை ஏத்தச் சொல்லுங்க, வெறும் தோலா விட்ட இடத்தைத் தொட விடாதீங்க.